நார்மல் குரூப் எலிகளுக்கும் மூக்கில் அழற்சி: அந்த நாலையும் கணக்கிலிருந்து எடுத்துடலாமா?

மேடவாக்கம் மாணவி

வணக்கம். எம்.ஃபார்ம் மருந்தியல், ரெண்டாம் வருஷம். புறநகர்ல ஒரு காலேஜ், பேர் வேண்டாம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், முழுசாப் படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

நிலவேம்புல இருக்கிற ஆன்ட்ரோகிராஃபோலைடை மூக்குச் சொட்டா தயார் பண்ணி, சைனஸ்ல அழற்சி உண்டாக்கின சுண்டெலிகளுக்குக் கொடுத்து, ஸ்டீராய்டு மருந்தான ப்யூடசோனைடு கொடுத்த எலிகளோட ஒப்பிடறதுதான் என் ப்ராஜெக்ட். இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குப் பதினஞ்சு வருஷமா சைனஸ். மார்கழியில கோலம் போடக் குனிஞ்சா, புள்ளி வெச்சு முடிக்கிறதுக்குள்ள கண்ணுக்கு மேல வலி புடிச்சுக்கும். எழுந்து சுவத்தைப் புடிச்சுட்டு நிப்பாங்க. மீதிக் கோலத்தை நான்தான் இழுத்து முடிப்பேன். நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி புடிச்சா அன்னிக்கு ராத்திரி தூங்குவாங்க, அவ்வளவுதான்.

செஞ்ச விதம்: பால்ப்-சி வகை பெண் சுண்டெலி 36. ஆறு குரூப், குரூப்புக்கு ஆறு, ஒரு கேஜுக்கு மூணு. 0, 7, 14 ஆம் நாள்ல வயித்துக்குள்ள 25 மைக்ரோகிராம் ஓவால்புமின் (ஒவ்வாமையைக் கிளப்பற முட்டை வெள்ளைப் புரதம்), கூட அதைத் தூண்டிவிட 2 மில்லிகிராம் ஆலம். 21 ஆம் நாள்லேர்ந்து ஒரு வாரம் தினமும் மூக்குல 3 சதவீத ஓவால்புமின் சொட்டு, அப்புறம் எட்டு வாரம் வாரத்துக்கு மூணு தடவை. கடைசி நாலு வாரம் மட்டும் மருந்து. நார்மல் குரூப்புக்கு எல்லா நாளும் வெறும் சலைன். பிப்ரவரி கடைசியில ஆரம்பிச்சு, அக்னி நட்சத்திரத்துல முடிஞ்சுது. தலைகளை ஃபார்மலின்ல போட்டு ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினோம்.

போன வாரம் ரிப்போர்ட் வந்துச்சு. மருந்தே பாக்காத, ஓவால்புமினே பாக்காத நார்மல் குரூப்ல ஆறுக்கு நாலு எலிக்கு "லேசானது முதல் மிதமான அழற்சி"ன்னு போட்டிருக்காங்க. டிசீஸ் கன்ட்ரோலுக்கும் (ஓவால்புமின் மட்டும், மருந்து இல்லாத குரூப்) நார்மலுக்கும் மொத்த ஸ்கோர்ல பெரிய வித்தியாசமே இல்லை.

கைடு கிட்ட காட்டினேன். "நாலையும் அவுட்லையர்னு (ஒத்துவராத விதிவிலக்கு) எடுத்துடு. மனசு கேக்கலன்னா ஆறு எலி புதுசா வாங்கி நார்மல் குரூப்பை மட்டும் திரும்பப் போடு"ன்னுட்டார். தீசிஸ் கொடுக்க ஏழு வாரம்தான் இருக்கு.

எனக்கு ரெண்டுமே தப்பாத் தோணுது. ஆனா ஏன் தப்புன்னு அவர்கிட்ட வாதாடற அளவுக்குத் தெரியலை. 84 நாள் இந்த எலிங்களை நான் கையில எடுத்திருக்கேன். ரெண்டாம் நம்பர் கேஜுல வலது காதுல வெட்டு வெச்ச எலி, கையை நீட்டினா அதுவாவே உள்ளங்கையில ஏறிடும். ரிப்போர்ட்ல அதோட பேர் "என்-5, மிதமான அழற்சி". அதை அவுட்லையர்னு அடிச்சுட்டு எப்படி எழுதுவேன்?

அழற்சி எங்கேர்ந்து வந்துச்சு? எடுத்துடலாமா, கூடாதா?

---

வேப்பேரி பழையவர்

நான் கால்நடை நோயியல் படித்து, முப்பத்தோரு வருடம் மைக்ராஸ்கோப் பார்த்தே ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

நாலையும் எடுக்காதீர்கள். ஆறு புது எலியும் வாங்காதீர்கள். பிப்ரவரி எலிகளோடு ஜூலை எலிகளை ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல. வேறு வெயில், வேறு உமி மூட்டை, வேறு ஈற்று. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த லேபில் மெழுகுக் கட்டிக்குள் அப்படியே இருக்கிறது. ப்ளாக்குகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் சொத்து.

இப்போது அழற்சிக்கு வருவோம். ஒரு எலிக்கு, மூக்கின் முன்னிருந்து பின்னாக எத்தனை மட்டத்தில் வெட்டினார்கள்? ஒரே மட்டம் என்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மனிதனுக்கு இருப்பதுபோல நாலு ஜோடி சைனஸ் சுண்டெலிக்குக் கிடையாது. உருப்படியாக இருப்பது கன்னத்து எலும்புப் பக்கம் உள்ள மேக்ஸிலரி சைனஸ்தான். அதுவும் மூக்கின் முன்பாதியை வெட்டினால் தெரியாது. அண்ணத்தின் குறுக்கு வரிகள், முதல் கடைவாய்ப்பல் இவற்றை அடையாளம் வைத்துக்கொண்டு பின்னால் போனால்தான் தெரியும். ஒரு எலியில் வெட்டுப்பல்லுக்குப் பின்னாலும் இன்னொரு எலியில் கடைவாய்ப்பல் மட்டத்திலும் வெட்டிவிட்டு இரண்டுக்கும் மார்க் போடுவது, ஒருத்தரின் கூடத்தையும் இன்னொருத்தரின் அடுப்படியையும் பார்த்து எந்த வீடு சுத்தம் என்று சொல்வது போல.

அடுத்தது, புதியவர்கள் எல்லாரும் விழும் பள்ளம். சுண்டெலியின் மூக்குக் குழியின் தரையில், தொண்டைக்குப் போகும் குழாய் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் ஜோடியாக நிணநீர்த் திசு உண்டு. நால்ட் என்போம். நமக்கு டான்சில் மாதிரி. நீல நிறத்தில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கொத்தாக நெருங்கி நிற்கும். ஆரோக்கியமான எலியில் இருக்க வேண்டிய உறுப்பு அது. மனிதத் திசுவை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அழற்சியாகத்தான் படும். என் மாணவர்களில் மூன்று பேராவது அதை "கடும் அழற்சி" என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அதேபோல் மேல்தோல் செல்லுக்குள் ரோஸ் நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பளபளவென்று தெரிந்தால், ஒவ்வாமையில் பெருகும் வெள்ளணுவான ஈயோசினோஃபில் என்று எண்ணிவிடாதீர்கள். செல்லுக்குள் தேங்கிய புரதம் அது. ஈயோசினோஃபில் என்றால் தனிச் செல்லாக நிற்கும், உள்ளே மடிந்த உட்கரு தெரியும்.

இந்த இரண்டையும் கழித்த பிறகும், கிருமிக்கும் எரிச்சலுக்கும் முதலில் ஓடிவரும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் இருந்தால், குறிப்பாக மூக்கின் முன்பகுதியில் சளியோடு கலந்து கிடந்தால், மேல்தோலின் மயிரிழைகள் உதிர்ந்திருந்தால், அது நிஜமான அழற்சி. அப்போது நான் கேட்பேன்: அந்த எலிகள் எந்தெந்த கேஜ்? ரேக்கில் மேல் தட்டா, கீழ்த் தட்டா? உமி எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றினார்கள்? மூத்திரம் ஊறிய உமியில் பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அமோனியாவாக்கும். எலியின் மூக்கு அந்த உமிக்கு அரை அங்குலம் மேலேதான் இருக்கிறது. அமோனியா கூடக் கூட எலிகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றும் மூக்கழற்சியும் கடுமையாகின்றன என்று 1976-லேயே ராட் எனும் பெரிய ஆய்வக எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

என் அனுபவம் ஒன்று. தொண்ணூறுகளில் முயல்களில் ஒரு மருந்து பார்த்தோம். முயலின் சைனஸ் பெரிது, ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் வெறுமனே விட்டு ஒப்பிடலாம். முடிவில் இரண்டு பக்கமும் சீழ். மருந்து பயனில்லை என்று எழுதி மூடிவிட்டோம். ஆறு மாதம் கழித்து அதே கூட்டத்து முயல்களை வேறு வேலைக்காகக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன்: முன்கால்களின் உட்பக்க மயிர் பசை தடவிக் காய்ந்தது போல ஒட்டிக் கிடந்தது. ஒழுகும் மூக்கை முன்கால்களால் துடைத்துத் துடைத்து அப்படி ஆகும். பாஸ்ட்சுரெல்லா என்ற பாக்டீரியா. சோதனை தொடங்கும் முன்பே கூட்டம் முழுக்க இருந்திருக்கிறது. அந்த மருந்தின் மேல் தப்பு இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு முயல்கள். முதல் நாளே முன்கால்களைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். இன்றும் உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

---

மேடவாக்கம் மாணவி

ஐயா, ரொம்ப நன்றி. கை நடுங்குது படிக்கும்போது.

லேப்ல ஒரே ஒரு மட்டம்தான். எந்த மட்டம்னு ரிப்போர்ட்ல இல்லை. உமி வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தணும்னு எழுதி ஒட்டியிருக்கு. ஆனா மே மாசம் ஆள் பத்தலை, பல வாரம் ஒரு தடவைதான் நடந்துச்சு. நார்மல் குரூப் ரெண்டு கேஜும் கடைசித் தட்டு. ஏசி ரெண்டு சனி ஞாயிறு நின்னுபோச்சு, திங்கட்கிழமை கதவைத் திறந்தா முகத்துல அடிக்கும். அப்போ எனக்கு அது ஒரு டேட்டான்னு தோணலை, வெறும் நாத்தம்னுதான் நினைச்சேன்.

---

எலிக்கூடம் அண்ணன்

தங்கச்சி, நான் டிகிரி படிக்கல. 22 வருஷமா அனிமல் ஹவுஸ்லதான் பொழப்பு. பெரியவர் சொன்னதுக்கு மேல மூணு நாலு விஷயம், கேட்டுக்கோ.

நாத்தத்தை நம்பாத. நாள் பூரா உள்ள இருக்கறவனுக்கு மூக்கு மரத்துப் போயிடும். வெளியிலேர்ந்து வர்ற ஆளைக் கூப்ட்டு, கேஜ் மூடியத் தொறந்து உமி கிட்ட குனிஞ்சு பாக்கச் சொல்லு. கண்ணு எரியுதுன்னு சொன்னா எலிக்கு எப்பவோ எரிஞ்சிருக்கும். அமோனியா மீட்டர் இருந்தா நல்லது. மனுசன் வேலை செய்யற எடத்துக்கே 25 பிபிஎம்முக்கு (காத்துல பத்து லட்சத்துல 25 பங்கு) மேல கூடாதுன்னு வெச்சிருக்காங்க.

தண்ணி பாட்டில் பாத்தியா? நிப்பிள் சரியா உக்காரலன்னா சொட்டிக்கினே இருக்கும். ஒரு ராத்திரியில மூலை பூரா ஊறிடும். பாட்டிலைக் கவுத்து புடிச்சு பத்து எண்ணணும். ரெண்டு சொட்டுக்கு மேல வுழுந்தா அத மாட்டக் கூடாது. உங்க அனிமல் ஹவுஸ்ல ஒரு நோட்டு இருக்கும், யாராச்சும் எழுதியிருப்பாங்க. அதத் தேடு.

உமி மில்லுலேர்ந்து வந்தா சலிக்காம போடக் கூடாது. அதுல இருக்கற தூசி மூக்குக்குள்ளதான் போவும். ஆட்டோகிளேவ் பண்ணா கிருமி சாவும், தூசி எங்க போவும்?

சொட்டு எவ்ளோ வுட்ட? ஒரு சுண்டெலி மூக்குக் குழி மொத்தமே சுமாரா 30 மைக்ரோலிட்டர். முழிச்சிருக்கற எலிக்கு ஒரு ஓட்டைக்கு 5, மிஞ்சினா 10. மயக்கத்துல 50 வுட்டா நேரா நுரையீரலுக்குத்தான் போவும், சைனஸ் மருந்து பாக்கறேன்னு ஆஸ்துமா மருந்து பாத்தா மாதிரி ஆயிடும். ஒரு சொட்டு உள்ள இழுத்த அப்புறம்தான் அடுத்தது. எலி மூக்கால மட்டும்தான் மூச்சு வுடும், வாயால வுடத் தெரியாது. அவசரப்பட்டா பாவம் அது தவிக்கும்.

வாலைப் புடிச்சுத் தூக்கறவங்களப் பாத்தா எனக்கு ஆவாது. ஒரு அட்டைக் குழாய் வெச்சா அதுவா உள்ள பூந்துக்கும், குழாயோட தூக்கலாம். பயந்த எலி ஒடம்புலயே ஸ்டீராய்டு ஊறுது, அதுவே அழற்சியக் கொறைக்கும். அப்பறம் உன் மருந்து கொறைச்சுதா, அதோட பயம் கொறைச்சுதான்னு எப்படிப் பிரிப்ப? உன் என்-5 கையில ஏறுச்சுன்னு எழுதியிருந்த. நல்லாப் பாத்துக்கினு இருக்க. சந்தோசம்.

---

காது மூக்கு தொண்டை, அண்ணாநகர்

ஓபி முடித்துவிட்டு எழுதுகிறேன், சுருக்கமாக.

மருந்தை அழற்சி வந்த பிறகு, கடைசி நாலு வாரம் கொடுத்தது மிகச் சரி. பல பேர் ஓவால்புமின் சொட்டுவதற்கு முன்னாலேயே மருந்தைக் கொடுத்துவிட்டு, குணமாக்கியது என்று எழுதுகிறார்கள். அது தடுப்பு, சிகிச்சை அல்ல. என்னிடம் யாரும் சைனஸ் வருவதற்கு முந்தின வாரம் வருவதில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் மூக்கடைப்போடு இருந்தால்தான் நாங்கள் நாள்பட்டது என்றே சொல்வோம்.

மொத்த ஸ்கோர் என்று ஒரே எண்ணில் போட்டு நசுக்காதீர்கள். ஓவால்புமின் கொண்டுவருவது பெரும்பாலும் ஈயோசினோஃபில். அமோனியாவும் தூசியும் கொண்டுவருவது பெரும்பாலும் நியூட்ரோஃபில். தனித்தனியாக எண்ணுங்கள். சளி சுரக்கும் கோப்லெட் செல்களுக்கு, சளியைக் காட்டும் பிஏஎஸ் சாயம் ஏற்றிப் பாருங்கள். மனிதர்களிலும் இதே பிரிவுதான். ஈயோசினோஃபில் மிகுந்த பாலிப்புக்கு (மூக்கினுள் வளரும் சதை) ஸ்டீராய்டு ஸ்ப்ரே நன்றாகக் கேட்கும், நியூட்ரோஃபில் மிகுந்தது அவ்வளவாகக் கேட்காது. நம் ஊரில் இரண்டாவது வகையும் நிறைய.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போதும் கவனம். வாய்வழி மருந்துக்கு, சுண்டெலியின் எடை கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கைச் சுமார் 12-ஆல் வகுக்கும் வழக்கம் மூக்குச் சொட்டுக்குப் பொருந்தாது. மருந்து படும் இடத்தில் என்ன அடர்த்தி என்பதுதான் அங்கே கேள்வி. தவிர, எலியின் மூக்கில் கிட்டத்தட்ட பாதிப் பரப்பு வாசனை அறியும் தோல். நமக்கு அது மேலே ஒரு சின்ன மூலை. பாலிப்புக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற ஊசி மருந்து, சுண்டெலியின் ஏற்பியில் ஒட்டவே ஒட்டாது. அதைச் சோதிக்க மனித ஜீன் வைத்த எலிகள் வேண்டியிருந்தன. எலி சொன்னதை அப்படியே நம்பவும் கூடாது, எலி சொல்லாததை நாமாக எழுதவும் கூடாது.

ஸ்டீராய்டு வேண்டாம் என்று உங்களைப் போன்றவர்கள் வேறு மருந்து தேடுவதில் எனக்கு மகிழ்ச்சி. 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது, சர்க்கரை கட்டுப்படாமல், கொரோனாவுக்கு ஸ்டீராய்டும் வாங்கியிருந்தவர்களின் சைனஸை நாங்கள் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். ஆனால் ஸ்ப்ரே வேறு, மாத்திரையும் ஊசியும் வேறு. ப்யூடசோனைடு ஸ்ப்ரேயைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

உங்கள் அம்மா: குனிந்தால் வலி என்பதை மட்டும் வைத்துச் சைனஸ் என்று முடிவு கட்டாதீர்கள். மூக்கடைப்பு, சளி, வாசனை தெரியாமை இல்லாமல் வெறும் வலி என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். சைனஸ் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறைய பேர் அப்படித்தான். மூக்கில் ஒரு எண்டோஸ்கோப்பி போதும், தெரிந்துவிடும்.

---

திருவான்மியூர் வாசி

நான் விஞ்ஞானி இல்லை, தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் வேலை செய்பவள். இந்த இழையைப் படித்து மனது கனத்துப்போய் எழுதுகிறேன்.

ருக்மிணி தேவி அருண்டேல் ஐம்பதுகளில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்ததால்தான் 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். அந்த வாரியம் பல வருடம் எங்கள் திருவான்மியூரில்தான் இயங்கியது. உங்கள் எத்திக்ஸ் கமிட்டியும் அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததே. உயிருள்ள விலங்கு இல்லாமல் முடியும் என்றால் விலங்கைத் தொடாதே என்பதுதானே அதன் உட்கருத்து?

ஆபரேஷனில் எடுக்கும் பாலிப்பைக் கொண்டே மருந்து பார்க்க முடியும் என்று படித்திருக்கிறேன். மூக்குச் செல்களை வளர்த்து, மேல்பக்கம் காற்றுப் படும்படி வைத்துச் சோதிக்கிறார்கள். 2023-இல் நம் நாட்டு மருந்து விதிகளிலும் விலங்கு இல்லாத முறைகளுக்கு இடம் கொடுத்துத் திருத்தம் வந்துவிட்டது. பிறகு ஏன் 36 எலிகள்? ஈர உமியில் மூக்கெரிய உட்கார்ந்திருந்த அந்த எலிகளிடம் யாராவது கேட்டார்களா?

---

மேடவாக்கம் மாணவி

அக்கா, உங்க கேள்வி நியாயமானது. மழுப்பாம பதில் சொல்றேன்.

செல் வளர்ப்புல முதல்ல பார்த்தோம். மருந்து செல்லைக் கொல்லாத அடர்த்தி எதுன்னு அங்கதான் முடிவு பண்ணினோம், அதனால ரெண்டு டோஸ் குரூப்பைக் குறைக்க முடிஞ்சுது. 12 எலி. ஆனா செல்லுக்கு ரத்தம் கிடையாது. எலும்பு மஜ்ஜையிலேர்ந்து ஈயோசினோஃபில் கிளம்பி, ரத்தத்துல மிதந்து, மூக்குக்கு வந்து இறங்கறது ஒரு தட்டுல நடக்காது. மருந்து நாலு வாரம் தினமும் பட்டா வாசனைத் தோல் கெடுமாங்கிறதும் தெரியாது. அதுக்காகத்தான் எலி. இதை நான் முழு மனசோட நம்பறேன்.

ஆனா ஈர உமிக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆராய்ச்சிக்காகக் கொடுத்த கஷ்டம்னு அதைச் சொல்ல முடியாது. யாரும் கவனிக்காததால வந்த கஷ்டம் அது, அதுல எனக்கும் பங்கு இருக்கு. சனி ஞாயிறு நான் போயிருக்கலாம். மேடவாக்கத்துலேர்ந்து ஒரு பஸ்தான்.

---

மேடவாக்கம் மாணவி (பத்தொன்பது நாள் கழித்து)

எல்லாருக்கும் சொல்லணும்னு காத்திருந்தேன்.

ப்ளாக்கைக் கேட்டதும் லேப்ல முதல்ல தரலை, மூணு தடவை போனதும் கொடுத்தாங்க. தெரிஞ்ச ஒரு ஹிஸ்டோ டெக்னீஷியன் சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து வெட்டிக் கொடுத்தார். 36 எலிக்கும் இன்னும் மிச்சம் இருக்கிற இடத்துலேர்ந்து மூணு மட்டம். நாலு எலிக்கு முன்பகுதி ஏற்கெனவே வெட்டித் தீர்ந்துபோச்சு, அதைக் குறிச்சு வெச்சிருக்கேன்.

எண்ணும்போது எது எந்த குரூப்னு எனக்குத் தெரியக் கூடாதே. ப்ளஸ் ஒன் படிக்கிற தங்கச்சி, தெருமுனை மளிகைக் கடையில விலை ஒட்டற ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கிட்டு வந்தா. 108 ஸ்லைடோட ஓரத்தையும் மறைச்சு ஒட்டி, அவளா ஒரு நம்பர் எழுதி, பட்டியலை ஒரு கவர்ல போட்டு அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சுட்டா. பதினோரு நாள் எண்ணினேன். முடிச்சதும்தான் கவரைப் பிரிச்சோம்.

"அழற்சி"ன்னு சொன்ன நாலுல ரெண்டு, ஐயா சொன்ன நால்ட்தான். தரையில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, கண்ணாடியில பார்த்த மாதிரி ஜோடியா இருந்துச்சு. ஒரு நியூட்ரோஃபில் கூட இல்லை. அந்த மட்டத்துல மத்த குரூப் எலிங்களுக்கும் அதே கொத்து இருக்கு. லேப்ல இந்த ரெண்டு எலியை மட்டும் அந்த இடத்துல வெட்டியிருக்காங்க.

மீதி ரெண்டும் நிஜம். என்-5-உம் என்-6-உம். மூக்கின் முன்பகுதியில சளிக்குள்ள நியூட்ரோஃபில், மயிரிழை உதிர்ந்து மேல்தோல் வழவழன்னு கிடந்துச்சு. பின்னாடி சைனஸ் சுத்தமா இருந்துச்சு. என்-4-க்கும் கொஞ்சம் இருக்கு, லேப் கவனிக்கலை. மூணும் ரெண்டாம் நம்பர் கேஜ்.

அண்ணா சொன்ன நோட்டைத் தேடிப் புடிச்சேன். பழைய வவுச்சர் புக்கோட பின்பக்கம், பென்சில்ல, "கேஜ் 2 ஈரம், பாட்டில் மாத்தல"ன்னு ரெண்டு தேதியில எழுதியிருக்கு. ரெண்டுமே ஏசி நின்ன சனிக்கிழமை. பாட்டில் இன்னும் அதே ரேக்குல தொங்கிட்டிருந்துச்சு. கவுத்துப் பத்து எண்ணினேன். ஒன்பது சொட்டு.

டாக்டர் சொன்னபடி தனித்தனியா எண்ணினதுல, ஈயோசினோஃபில் நார்மல் குரூப் ஆறு எலிக்கும் குறைவாத்தான் இருக்கு, என்-5 உட்பட. டிசீஸ் கன்ட்ரோல் தனியா உசரத்துல நிக்குது. அதனால யாரையும் எடுக்க வேண்டிய அவசியமே வரலை. மருந்து பத்தி வைவா முடியாம இங்க சொல்லக் கூடாது. ப்யூடசோனைடு அளவுக்கு இல்லைன்னு மட்டும் சொல்லலாம். எனக்கு வருத்தம் இல்லை, அதுதான் நடந்துச்சு.

கைடு கிட்ட ஸ்லைடையும் நோட்டையும் வெச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மைக்ராஸ்கோப்ல அவரே உக்காந்து நால்ட்டைப் பார்த்தார், "இதை எந்த மட்டத்துல எடுத்தே?"ன்னு கேட்டார். ஆறு எலியும் தீசிஸ்ல இருக்கு. கேஜ் 2 பாட்டில் ஒழுகினதும், ஏசி நின்ன தேதிகளும் செய்முறைப் பகுதியிலயே வருது.

அம்மாவை எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பக்கமும் பாலிப். யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு வருஷமா சாம்பார்ல பெருங்காயம் போட்டியா போட்டியான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வாசனை தெரியாமதான் கேட்டிருக்காங்க, எனக்குத்தான் புரியலை. ஸ்ப்ரேயும் உப்புத்தண்ணிக் கழுவலும் ஆரம்பிச்சாச்சு.

---

வேப்பேரி பழையவர்

ஸ்டிக்கர் விஷயம் படித்து மனசு நிறைந்தது. உங்கள் தங்கைக்கு என் ஆசி.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதே கடைசித் தட்டில் வேறு குரூப் கேஜ்கள் இருந்தனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த எலிகளின் முன்பகுதி நியூட்ரோஃபில் எண்ணிக்கையைத் தட்டு வாரியாக ஒரு அட்டவணையில் போடுங்கள். பரிசோதகர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

---

மேடவாக்கம் மாணவி

இருந்துச்சு ஐயா. ப்யூடசோனைடு குரூப்போட ஒரு கேஜ். இன்னிக்கு ராத்திரியே எண்ணிடறேன்.